மோகனா, பூரட்டாதி

நவம்பர் 3, திங்கள்

மழை. காலை வேலை. முதியோர் ஹைமில் கூட வேலை செய்கிற இரண்டு பேருக்குச் சுகமில்லை, ஆகவே மேல்மாடிக் கிழவிகள் முழுப்பேரும் என் தலையில். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றுமுன் இவர் சொன்ன முதல் வார்த்தை: "குஞ்சுக்கு இன்னும் பல்லுத் தேய்க்கேல்லை." நான் சாப்பிட்டேனா என்று இல்லை. குஞ்சுக்குப் பல் தேய்க்கவில்லை.

பிற்காலத்தில் இதை எடுத்துப் படித்தால் இந்த வயதில் ஒரு பிள்ளை பெற்றேனோ என்று நானே குழம்பிப்போவேன். ஆகவே எழுதி வைக்கிறேன். குஞ்சு என்பது நாய். அயர்லாந்தில் பந்தயம் ஓடி, இனி ஓட்டம் போதாது என்று கழித்துவிட்ட கிரேஹவுண்ட். பெட்டை. மூக்கிலிருந்து வால் வரை கறுப்பு. காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகள். கழித்த நாய்களுக்கு வீடு தேடும் நாய்ச் சங்கத்தார் வைத்த பெயர் மோலி. சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதியது இவர், கையெழுத்து இவருடையது, சித்திரை மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இவர். பல் தேய்ப்பது நான்.

இவர் கூப்பிடுவது: குஞ்சு, ராசாத்தி, அம்மாச்சி, என்ரை தங்கம். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்தது: "இஞ்சை", "கேக்குதே".

பற்பசையில் கோழி மணம். பின்பற்கள் இன்னும் பழுப்பு. ஓடிய காலத்தில் வெறும் கூழ் கொடுத்து வளர்த்தால் பல் எப்படி இருக்கும்.

வலது முன்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. சொன்னேன். "குளிருக்கு விறைச்சிருக்கும்" என்றார். இவருக்குத் தெரியாத ஒன்று உண்டா.

பால், வெங்காயம், மின்சாரக்காரனுக்கு ஃபோன்.

நவம்பர் 5, புதன்

காற்று. மஞ்சள் குப்பைப் பையை வெளியே வைக்க மறந்தாயிற்று. இன்னும் இரண்டு கிழமை பால்கனியில் நாறும்.

நொண்டல் கூடுகிறது. சங்கத்துக் கிளாசன் அம்மாவுக்கு (இனி கி.) ஃபோன் அடித்தேன். இவர் அடிக்கமாட்டார். ஜெர்மன் என்றால் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டொக்டர், வங்கி, வரி, மகன் ஜனனின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் என் வாய்தான் போனது. இப்போது நாய்க்கும்.

கி. ஃபோனிலேயே கண்டுபிடித்துவிட்டார்: காலாணி. இந்தச் சாதி நாய்களுக்குப் பாதத்தில் அடிக்கடி வருமாம். புல்லில் ஓரளவு நடக்கும், கல்லுப் பதித்த பாதையில் நொண்டும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைக்கச் சொன்னார். ஆணி மெதுவானதும் எண்ணெய் பூச வேண்டும். மிருக வைத்தியரிடம் டெர்மின், காட்ட ஒரு நேரம், கேட்டேன். அடுத்த கிழமை இல்லையாம், அதற்கு அடுத்த திங்கள்.

பாதத்தின் அடியைப் பார்த்தேன். கரடுமுரடாக ஏதோ உண்டு. ஆணியா என்று தெரியவில்லை. கறுப்பு மயிர், கறுப்புத் தோல், இவர் மாட்டிய மஞ்சள் பல்பு. யானையே நின்றாலும் தெரியாது.

காலை ஊறவைக்கத் தொட்டி: வேலையால் வந்து என் கால் ஊறவைக்க நான் வாங்கியது. ஒரு தடவை பாவித்தேன்.

நவம்பர் 8, சனி

குளிர் தொடங்கிவிட்டது. அதற்குக் கோட் தைத்தேன், என் பழைய கம்பளிச் சட்டையை வெட்டி. உடம்பில் கொழுப்பில்லை, மயிரும் ஒட்ட வெட்டினது போல. நடுங்கிக்கொண்டு நின்றால் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. கோட் கச்சிதம். இவர் அதற்குச் சொன்னது: "என்ன வடிவு, ராசாத்தி!" தைத்தவளுக்கு ஒன்றும் இல்லை.

ஜனன் மியூனிக்கிலிருந்து ஃபோன் எடுத்தான். அப்பாவின் முதுகு எப்படி, மோலியின் கால் எப்படி.

"அம்மா, அப்பா எவ்வளவு மாறிட்டார் கவனிச்சனீங்களோ? முந்தி எங்களோடை இப்பிடிக் கதைச்சவரே? உந்த நாய் அப்பாவுக்கு மருந்து."

"ஓம்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரியம்மா. ஓடி ஓடிக் களைச்சவை."

நான் ஓடவில்லைப்போல. நான் இந்த முப்பது வருடமும் உலாத்தித் திரிந்தேன்போல. சொல்லவில்லை. "குளிருக்குத் தொப்பி போடு" என்றேன், வைத்துவிட்டான்.

இவருக்கு டிஸ்க் விலகியது உண்மை. இரும்புத் தொழிற்சாலை சும்மா விடுமா. அதனால்தான் நேரத்தோடு பென்ஷன். தண்ணீர்ப் போத்தல் பெட்டி தூக்க முதுகு விடாது, ஆகவே நான் தூக்குகிறேன். ஆனால் இந்த நாய் வந்த புதிதில் அதற்குப் படி ஏறத் தெரியவில்லை. பிறந்தது முதல் படியே கண்டதில்லை. இந்த முழுப் பெரிய உருப்படியைக் கையில் ஏந்திக்கொண்டு முதலாம் மாடிக்கு ஏறினார், ஒரு கிழமையாக. அப்போது டிஸ்க் எங்கே போயிருந்ததோ.

கால் ஊறவைத்தேன். முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. சத்தமில்லை. கி. முந்தியே சொன்னவர், இவைக்கு நகம் வெட்டினால் ஊரைக் கூட்டும், உண்மையான நோவென்றால் மூச்சு விடாது என்று.

நவம்பர் 11, செவ்வாய்

பின்னேரம் பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம். கடதாசி விளக்கு, குதிரையில் புனிதர் வேடம் போட்ட ஒருவர், மழைத்தூறல். குஞ்சு நடுப்பாதையில் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டது. இவை இப்படித்தான், பயந்தால் உறைந்துவிடும், இழுக்கக்கூடாது, காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். எல்லாருக்கும் வேடிக்கை. ஒரு பெண் குனிந்து பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு ஒய்யாரம், கோட் எங்கே வாங்கியது என்று ஒரே புகழ்ச்சி. நான் தைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் நாய்க்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொண்டார்.

"கெதியாய் வா. உவை பாத்துப் பாத்துத்தான்..."

"பாத்துப் பாத்து என்ன?"

"ஒண்டுமில்லை. நட."

என்னவோ. ஒக்டோபரில் சந்தையில் இப்படித்தான் ஒரு கூட்டம் சுற்றி நின்று புகழ்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நாய் தின்னாமல் கிடந்தது. இவரும் தின்னாமல் கிடந்தார். அவித்த புட்டை அப்படியே கொட்டினேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீர், கால். பாதம் கொஞ்சம் வீங்கியதுபோல. ஆணி பழுக்கிறதோ.

நவம்பர் 13, வியாழன்

வெள்ளன வேலை முடிந்தது. தமிழ்க் கடைக்குப் போனேன். அங்கே தேவி அக்கா, கோயிலில் பூ கட்டிக் கொடுப்பவர். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வசந்தி, அண்ணை இப்ப கோயிலுக்கு வரத் தொடங்கிட்டார் என்ன. எனக்குச் சரியான சந்தோசம்."

"ஆர் அக்கா?"

"உங்கடை அவர்தான். போன மாதம் ஊன்ட்றொப் கோயிலிலை கண்டனான். அர்ச்சனைத் தட்டோடை வரிசையிலை நிண்டவர். பேர் சொல்லேக்கை நான் பக்கத்திலை. மோகனா, பூரட்டாதி எண்டவர். ஜனனுக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ? ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"சொந்தத்திலை ஒரு பிள்ளை அக்கா. சுகமில்லை."

வாய் தானாகப் பொய் சொன்னது. கறிவேப்பிலை வாங்கினேன், தேங்காய்ப்பூ வாங்கினேன், வாங்க வந்த அரிசியை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மோகனா ஆர்?

இவருடைய பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லை. என்னுடைய பக்கத்திலும் இல்லை. பழைய தொழிற்சாலையில் தமிழ்ப் பெண்கள் வேலை செய்யவில்லை. நாய் நடத்தும்போது யாரையாவது? இந்த வயிற்றையும் இந்தக் குணத்தையும் எந்த மோகனா தாங்குவாள். பஸ்ஸில் சிரிப்பு வந்தது. இறங்கும்போது இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

சைவம். கத்தரிக்காய், பருப்பு, அப்பளம். நாயின் டின்னை வழமைபோல் பால்கனியில் வைத்துத் திறந்தேன். மாட்டிறைச்சி. என் குசினிக்குள் வரவிடமாட்டேன். அதற்குத் தனிக் கரண்டி, சிவப்பு நூல் சுற்றியது. தட்டை உயர்த்தி வைக்க வேண்டும், கழுத்து நீளம். எல்லாம் செய்தேன்.

இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பேப்பர், தேத்தண்ணீர், நாயின் காதைத் தடவல்.

கோயிலுக்குப் போனாராம். எங்கள் வீட்டில் சாமி தட்டு வைக்க ஒரு மூலை கேட்டு நான் இரண்டு வருடம் சண்டை போட்டேன். வாலிபத்தில் சிவப்பு அட்டைப் புத்தகம் படித்தவர் அல்லவா. தேர்த் திருவிழாவுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கால்வாய்க் கரையில் சிகரெட்டோடு நிற்பார். "உள்ளுக்கை நடக்கிறது முழுக்க வியாபாரம்." அந்த மனுசன் தட்டோடு வரிசையில்.

எழுதக்கூடாது என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். என் கர்ப்பப்பை எடுத்த வருடம். ஊரிலிருந்து அக்கா நேர்ந்து, ஒரு கறுப்பு நூல் அனுப்பினாள். கையில் கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலை இவர் பார்த்தார். "உந்த ஊத்தை நூலோடை போய் எங்களைச் சிரிக்கப் பண்ணப் போறியே?" மீன் வெட்டுகிற கத்தரிக்கோல். ஒரே வெட்டு. உருளைக்கிழங்குத் தோலோடு குப்பை வாளியில் போட்டார். பிறகு, "ஆறாம் நம்பர் பஸ் நேரே போகும்தானே" என்றார். போனது. நானும் போனேன். பயம் என்றால் அப்படிப் பயம். யாரிடம் சொல்ல.

மோகனா ஆர் என்று கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். பொய் என்று எனக்குத் தெரிந்துவிடும். பிறகு என்ன செய்வது.

நவம்பர் 16, ஞாயிறு

பனிமூட்டம்.

பாதம் வீங்கி உருண்டை. நாற்றம். அந்த நாற்றத்தை எனக்கு வேலையில் தெரியும், படுக்கைப் புண் வைத்த கால்களில் வரும் நாற்றம். ஓடிப்போய்க் குனிந்தேன். கண் திறந்திருந்தது, முழித்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டுவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற பிராணி, எத்தனை தரம் சொல்லித் தந்தார்கள், முதலில் பேர் சொல்லிக் கூப்பிடு என்று. உறுமிக்கொண்டு என் கைக்குப் பாய்ந்தது. பல் பட்டது, இறங்கவில்லை. பிறகு தானே வெட்கப்பட்டுத் தலையைத் தொங்கப்போட்டது.

"அவசர கிளினிக்குக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"நாளைக்கு டெர்மின்தானே. சும்மா பதறாதை."

"இது ஆணி இல்லை. மேலை பாக்க வேணும். லைட்டைப் பிடியுங்கோ."

"மேலை தொடாதை! அவளுக்கு நோகும்."

சத்தம் போட்டார். நாய் நடுங்கியது. விட்டுவிட்டேன். நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்தார், டிஸ்க்கோடு. எதுவும் தின்னவில்லை, இரண்டு பேரும்.

விட்டது பிழை.

நவம்பர் 17, திங்கள்

வேலைக்கு லீவு சொன்னேன். வைத்தியர் இளம் பெண், மூக்கில் வளையம், கை நல்ல மெதுவான கை. மயக்க மருந்து கொடுக்கப் போனபோது சொன்னேன்: கிரேஹவுண்ட், சாதாரண நாய்க்குக் கொடுக்கிற மாதிரி இவைக்குக் கொடுக்கக்கூடாதாம். "தெரியும், ஆனாலும் சொன்னது நல்லது" என்றார். இந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே புகழ்ச்சி.

பாதத்தைப் பார்த்தார். ஆணி இல்லை. மேலே போனார். மெஷினால் மயிரை வழித்தார். பக்கவாட்டில் ஒரு சின்ன விரல் தொங்கும், அதற்குக் கொஞ்சம் மேலே வந்ததும் கை நின்றது. விளக்கைக் கிட்ட இழுத்தார். சின்ன இடுக்கியால் கிளறி எதையோ பிடித்தார். வெட்டினார். இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

நூல். கறுப்பு நூல். மூன்று முடிச்சு. முடிச்சுக்குள் கொஞ்சம் மஞ்சள் இன்னும் இருந்தது.

கறுப்பு நாயில் கறுப்பு நூல். அதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. தோலுக்குள் போயிருந்தது, காலைச் சுற்றி வளையமாகப் புண்.

தகரத் தட்டில் கிடந்த அதைப் பார்த்தபடி நின்றேன். எல்லாம் ஒன்றாக விளங்கியது. சந்தையில் புகழ்ந்தார்கள், நாய் தின்னவில்லை, நாவூறு, கண்பட்டுவிட்டது என்று பயந்தார், தட்டோடு வரிசையில் நின்றார், நூல் வாங்கிக் கட்டினார். ஐயருக்கு முன்னால் மோலி என்று சொல்லக் கூச்சம், மோகனா ஆக்கினார். நாயின் பாஸ்போர்ட்டில் பிறந்த திகதி இருக்கிறது. நட்சத்திரம் கணித்திருக்கிறார். உட்கார்ந்து கணித்திருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் இதைக் கட்டியது?"

இவருக்கு அந்தக் கேள்வி விளங்கியது. முகம் சாம்பல். தமிழில், குரலைத் தாழ்த்தி:

"நீ கட்டினதெண்டு சொல்லு. ஒப்பந்தம் என்ரை பேரிலை, நான் எண்டால் பறிச்சுக்கொண்டு போயிடுவினம். பொம்பிளையள் கட்டுறது எண்டால் அவைக்கு விளங்கும். சொல்லு."

சொன்னேன். "நான்தான். எங்கள் வழக்கம்."

ஏன் சொன்னேன். இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். அவர் தமிழில் சொல்வதை ஜெர்மனில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வரி அலுவலகத்தில் சொன்ன மாதிரி, வங்கியில் சொன்ன மாதிரி, அதையும் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு வைத்தியர் என்னோடு மெதுவாக, சொல் சொல்லாகக் கதைத்தார், விளங்காதவளுக்குக் கதைப்பது போல. பருத்தி நூல் நனைந்தால் இறுகும் என்றார். கால் நனைந்ததா என்று கேட்டார்.

தினமும் வெந்நீரில் ஊறவைத்தேன் என்றேன். அவர் அதைக் கணினியில் தட்டினார்.

விரல்கள் குளிர்ந்து கிடக்கின்றன. வெள்ளிவரை பார்க்க வேண்டும். சூடு திரும்பாவிட்டால் காலை மேலேயிருந்து வெட்டி எடுப்பார்கள். வயதும் இருக்கிறது, மயக்கமும் இவைக்கு ஆபத்து. ஓடவென்றே பிறந்த பிராணிக்கு.



நவம்பர் 18, செவ்வாய்

மழை. வைத்தியர் சங்கத்துக்கு அறிவித்துவிட்டார், கி. நேரில் வந்தார். கேக் வெட்டி வைத்தேன், தொடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இவரோடுதான் கதைத்தார், நான்தான் மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றிய தீர்ப்பை நானே தமிழில் சொன்னேன்:

நாயை இப்போதைக்கு எடுக்கமாட்டார்கள். இவருக்கு அதில் எவ்வளவு அன்பு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மனைவி நாய்க்கு மருந்து, கட்டு, கால், பல், எதுவும் செய்யக்கூடாது. நாயை அவளோடு தனியே விடவும் கூடாது. சங்கம் திரும்ப வந்து பார்க்கும். அப்போது சரியில்லை என்றால் நாய் போகும்.

இவர் தலையாட்டினார். ஒவ்வொரு வசனத்துக்கும்.

கி. போகும்போது இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, நீங்கள் நல்ல மனிதர் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

கதவு சாத்தியதும்: "ரெண்டு கிழமைக்குப் பொறு. மறந்திடுவா. இப்ப கட்டு மாத்த வேணும், வா."

"எனக்குத் தடையெல்லோ."

"எனக்கு இரத்தம் பாக்க ஏலாது எண்டு உனக்குத் தெரியும்."

தெரியும். ஜனன் பிறந்தபோதும் ஏலாது.

நவம்பர் 19, புதன்

கட்டு மாற்றினேன். காலை, மாலை. இவர் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி "குஞ்சு, குஞ்சு". நான் கழுவி, களிம்பு பூசி, விரல்களுக்கிடையில் பஞ்சு வைத்து, இறுக்காமல் சுற்றினேன். இறுக்காமல். என் கை அதைப் பத்துத் தரம் சோதித்தது.

விரல் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். மீன் கடையில் மீன் பிடித்துப் பார்க்கிற குளிர்.

இவர் கடைக்குப் போனதும் அது தத்தித் தத்திக் குசினிக்கு வந்தது. முழு உடம்பையும் என் தொடையில் சாய்த்துக்கொண்டு நின்றது. குந்தி இருக்கத் தெரியாது, தொடை எலும்பு அப்படி. நிற்கும், இல்லாவிட்டால் விழுந்து படுக்கும். உன்னில் எனக்குக் கோபமில்லை என்று சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், கண்ணீர் அதனால் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயம் இவைக்கு நஞ்சு, கீழே விழுந்த துண்டை உடனே பொறுக்கினேன்.

உன்னைத் தனியே விடக்கூடாதாம் என்னோடு.

நவம்பர் 20, வியாழன்

நடுவிரல் சூடு. உறுதியாகச் சூடு. வெளிவிரல் சந்தேகம்.

வேலையில் பிழையான ஆளுக்கு நீரிழிவுச் சாப்பாடு கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை கிழவி தானே கத்தினாள்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில், ஆனால் உறைபனி.

கால் தப்பிவிட்டது. வைத்தியர் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சூடு. ஒரு நகம் போகும், தழும்பில் மயிர் முளைக்காது, அவ்வளவுதான். கட்டு யார் போட்டது என்று கேட்டார், மிகச் சுத்தம் என்றார். இவர் தன் நெஞ்சைத் தொட்டு, "இஷ்" என்றார். நான் என்று ஒரு சொல், ஜெர்மனில், தானாகவே, என் உதவி இல்லாமல்.

கார் நிறுத்துமிடத்தில் அழுதார். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக. தன் தாய் செத்த செய்தி வந்தபோதும் இவர் அழுது நான் காணவில்லை. நான் காரின் மறுபக்கம் நின்றேன். எனக்கும் சந்தோசம்தான். சொல்ல ஆளில்லை.

வீட்டில் தேத்தண்ணீர் போட்டேன். இனி இதைக் கேட்காவிட்டால் எனக்குள் புண் வைத்துவிடும் என்று தோன்றியது.

"என்ரை நட்சத்திரம் என்ன?"

"என்ன?"

"என்ரை நட்சத்திரம். நாயின்ரை பூரட்டாதி. என்ரை?"

நாயைப் பார்த்தார். பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்தார். அது உடைந்து விழுந்தது.

"அது ரெண்டு நாள் தின்னேல்லை எண்டு கோயிலுக்குப் போனியள். நூல் கட்டினியள். என்ரை வயித்தை வெட்டுற அண்டைக்கு என்ரை கையிலை இருந்ததை அறுத்து எறிஞ்சியள். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. ஏன்?"

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு, குழந்தைக்கு விளக்குவது போல, மனதார:

"அது வாயில்லாச் சீவன், வசந்தி. நொந்தாலும் சொல்லாது. உனக்கு வாய் இருக்குத்தானே. நொந்தால் சொல்லுவாய்."

எத்தனை வருடத்துக்குப் பிறகு என் பேரைச் சொன்னார், அதற்காக.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நவம்பர் 22, சனி

கண்ணாடியெல்லாம் பனி. வேலை இல்லாத சனி. கட்டு மாற்றினேன், பல் தேய்த்தேன். காலுக்கு வெந்நீர் இனி இல்லை. தொட்டியை அலம்பி என் பக்கம் எடுத்து வைத்தேன்.

பிறகு ஃபோனை எடுத்து கி.க்கு அடித்தேன். குசினியில் நின்றபடி.

நூலைக் கட்டியது நான் இல்லை என்றேன். என் கணவர். நான் திங்கட்கிழமை பொய் சொன்னேன், அவர் சொல்லச் சொன்னார்.

மறுபக்கம் தாள் புரட்டும் சத்தம். நாய் என் தொடையில் சாய்ந்துகொண்டு நின்றது. போகப் போகிறாய், என் வாயால் போகப் போகிறாய் என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, இது போனால் எனக்கு ஏலாது.

கி. கேட்டார்: "அப்படியானால் சித்திரையிலிருந்து இந்த நாயைப் பராமரித்தது யார்?"

"நான்."

"கட்டுப் போட்டது?"

"நான்."

"நான் தடுத்த பிறகும்?"

"ஓம்." ஜெர்மனில் இல்லை, ஓம் என்றே வந்துவிட்டது. விளங்கிக்கொண்டார்.

திங்கள் வருகிறாராம். புது ஒப்பந்தத் தாளோடு. மோலி அங்கேதான் இருக்க வேண்டும் என்றால் அது உங்கள் பேரில் எழுதப்படும், உங்கள் பேரில் மட்டும், உங்களுக்கு அது வேண்டுமா என்று கேட்டார். எனக்கு வேண்டுமா என்று.

வேண்டும் என்றேன். என் பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

திரும்பினேன். இவர் குசினி வாசலில், கையில் நாயின் பட்டியோடு. அந்த அளவு ஜெர்மன் இவருக்கு விளங்கும்.